இடது கரையில் இறங்க ஏலாது

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மாரி மழைக்கு ஓடி வெயிலுக்கு மறைந்துபோகும் ஒன்று இருக்கிறதுதான். அதை ஆறு என்று சொன்னால் மற்ற ஆறுகள் கோவித்துக்கொள்ளும். என்னோடு ஒத்த வயதில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களே, உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். ஆறே இல்லாத இடத்தில் பிறந்த ஒரு மனிதர், மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஒரு சின்ன வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு ஜேர்மன் ஆறு ஒன்றில் இறங்கினார். அவர் என் அப்பா. நான் இளையவள், அப்போது எனக்கு ஒன்பது வயது.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஐம்பதைத் தாண்டிய பிறகு இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் என்ன? இன்றைக்கும் தபால்பெட்டியைத் திறக்கும்போது முதலில் ஒரு கண்ணால்தான் பார்ப்பேன், உள்ளே அரசாங்க அலுவலகத்து மஞ்சள் உறை கிடக்கிறதா என்று. ரயிலில் சீட்டுப் பார்ப்பவர் வந்தால், சீட்டு கையில் இருக்கும்போதே எனக்கு வியர்க்கும். நீங்களும் அப்படித்தான் என்று தெரியும். போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் உங்களில் ஒருவர், வீடு வாசல் வைத்து முப்பது வருடமாக வரி கட்டுகிறவர், வெளியில் பொலிஸ் கார் நின்றதைக் கண்டு கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்ததை நான் பார்த்தேன்.

கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அங்கிருந்து மேற்குக்குக் கடந்து, கடைசியில் எங்களைக் கொண்டுபோய் விட்டது மேற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊரின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சொல்லமாட்டேன். அம்மா இன்னும் அந்தப் பெயர்களை வீட்டில் சொல்ல விடுவதில்லை. பழைய பள்ளிக்கூடம் ஒன்றை அகதிகள் விடுதியாக மாற்றியிருந்தார்கள். ஒரு வகுப்பறைதான் எங்கள் வீடு. சுவரில் கரும்பலகை இருந்தது. அம்மா அதன் மேல் சாமிப்படங்களை மாட்டினா. சமையலறை பொது; காலையில் வெங்காயமும் நெத்தலியும் பொரித்த மணம், மத்தியானத்தில் வேறு நாட்டுக்காரரின் ஆட்டிறைச்சி மணம், எல்லாம் எங்கள் படுக்கையில் வந்து குடியிருக்கும்.

அந்த மடித்த தாள் உங்களுக்கு நினைவிருக்கும். புகைப்படம் ஒட்டி, முத்திரை குத்தி, இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதியிருந்த தாள். அதில் எழுதியிருந்த கிறைஸ் என்றால் வட்டம் என்றும் பொருள், மாவட்டம் என்றும் பொருள் என்று அக்கா சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் டொச், அதாவது ஜேர்மன் மொழி, தெரிந்த ஒரே ஆள். அந்த வசந்தத்தில் அப்பா டுசல்டோர்ஃபில் இருந்த சித்தப்பாவைப் பார்க்கப் போய் ரயில் நிலையத்தில் பிடிபட்டார். அலுவலகத்தில் கூப்பிட்டு இருத்தினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிதானமாகச் சொல்ல, அக்கா தமிழில் சொன்னாள்.

"அடுத்த முறை எண்டா வழக்காம் அப்பா. அகதி கேட்டுப் போட்ட எங்கட அன்ராக்குக்கும் அது நல்லதில்லையாம்."

"எங்களைத் திருப்பி அனுப்புவினமோ எண்டு கேள், பிள்ளை."

அக்கா கேட்டாள். அந்தப் பெண் தோளைக் குலுக்கினா. அந்தத் தோள்குலுக்கல்தான் எங்கள் குடும்பத்தை அடுத்த நான்கு வருடம் ஆண்டது. அம்மா கடைத்தெருவின் கடைசி விளக்குக்கம்பத்துக்கு அப்பால் போகமாட்டா. மாவட்ட எல்லை இன்னும் ஏழெட்டுக் கிலோமீற்றர் தள்ளித்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் எல்லை அந்த விளக்குக்கம்பம்.

வேலை செய்ய அனுமதி இல்லை. அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். ஊரில் விடியமுன் எழும்பி, கரைக்கடலில் தடி நட்டுக் கட்டும் களங்கட்டி வலைக்குப் போன குடும்பம் அவருடையது. இடுப்பளவு கடலில், நீண்ட கம்பை ஊன்றி வள்ளம் தள்ளி வளர்ந்த மனிதர். அவருக்கு முதுகெலும்பு நிமிர்வதே வள்ளத்தில் நிற்கும்போதுதான் என்று அம்மா சொல்வா. விடுதியில் அவர் நிமிரவே இல்லை.

விடுதிக்குப் பழைய உடுப்புகள் கொண்டுவரும் ஒரு ஜேர்மன் அம்மா இருந்தா. எந்நேரமும் தொப்பியோடு திரிந்ததால் எங்களுக்கு அவ தொப்பி அன்ரி. அப்பா கடல்காரர் என்பதை அக்காவிடம் கேட்டு அறிந்து, ஒருநாள் எங்களைத் தன் வீட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனா. செத்துப்போன கணவரின் வள்ளம் ஒன்று அங்கே கவிழ்த்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் கூரான, வெளுத்த சிவப்பு நிற வள்ளம். அதற்குள் எலிப்புழுக்கையும் பழைய றப்பர் மணமும். இரண்டு துடுப்புகள். செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டைகள் மூன்று. எல்லாம் உங்களுக்குத்தான் என்று கையைக் காட்டினா.

"நாங்கள் நாலு பேரெல்லோ," என்றா அம்மா.

"எனக்கேன் உது?" என்றார் அப்பா. அவர் வள்ளத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். அவர் சிரித்ததை நான் அந்த நாட்டில் முதன்முதல் கண்டது அப்போதுதான்.

அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே அவவுக்கு ஆகாது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மனிசன் எழும்பிச் சாப்பிடுறார்," என்று பக்கத்து அறை அக்காவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன். புது வள்ளத்துக்கு முறை செய்யாமல் விடமுடியாது என்று, கரையில் வைத்து அதன் மூக்கில் மூன்று குறி திருநீறு இழுத்து, ஒரு தேசிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் எறிந்தா. அந்த வழியால் சைக்கிளில் வந்த ஒரு ஜேர்மன் தம்பதி நின்று பார்த்து, மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் ஆற்றில் இருந்தோம். இப்போது அதை எண்ணிப் பார்த்தால் எட்டுப் பத்துத் தடவைக்கு மேல் இராது. ஆனால் எனக்கு அது ஒரு முழு வயது போல இருக்கிறது. முன்னால் அக்கா ஒரு துடுப்போடு, அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அம்மா, கடைசியில் அப்பா. அப்பா குந்தி இருக்கமாட்டார். காட்டில் வெட்டிச் சீவிய நீண்ட கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு ஊன்றலுக்கும் அம்மா "முருகா" என்பா. மடியில் மார்ஜரின் டப்பா, அதற்குள் ரொட்டியும் இடிச்ச சம்பலும். கையில் வள்ளத்தின் விளிம்பு. மாலையில் பார்த்தால் அம்மாவின் உள்ளங்கையில் அந்த விளிம்பு சிவப்பாகக் கோடு போட்டிருக்கும்.

எனக்கு ஆற்றின் நிறம்தான் பயம். ஊரில் கடலுக்கு அடி தெரியும். மண், சாதாளைப் பாசி, ஓடுகிற நண்டு எல்லாம் தெரியும். இந்த ஆற்றுக்கு அடி தெரியாது. வைத்துவிட்டு மறந்துபோன தேத்தண்ணியின் நிறம். கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் காணாமல் போகும். கீழே யார் இருந்து என்ன செய்கிறார்களோ என்று எனக்குக் கால் கூசும்.

அப்பா ஒரு பாடம் சொல்லித் தந்தார். ஒரேயொரு பாடம்.

"வள்ளம் கவிண்டாப் பயப்பிடாதேங்கோ. எழும்பி நில்லுங்கோ. எழும்பி நிண்டாச் சரி."

அவர் பிறந்த கடலில் அது சரிதான். அங்கே எழும்பி நின்றால் தண்ணீர் இடுப்புக்குத்தான் வரும். ஓடுகிற ஆற்றில் எழும்பி நிற்கக்கூடாது, மல்லாந்து கால் முன்னால் போக மிதக்கவேண்டும் என்பதை நான் முப்பது வயதில் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றேன். அதைச் சொல்லித் தந்த இளைஞன் முன்னால் நான் அழுதுவிட்டேன். அவன் பயந்துபோய்த் தேநீர் கொண்டுவந்தான்.

இன்னொரு விசயம் சொல்லவேண்டும். ஊருக்குக் கீழே அந்த ஆறுதான் மாவட்டத்தின் எல்லை. வலது கரை எங்களுடையது. இடது கரை அடுத்த மாவட்டம். அதே புல், அதே மாடுகள், ஆனால் அந்தக் கரையில் கால் வைத்தால் வழக்கு.

"ஆறு எந்தக் கிறைஸ்?" என்று அம்மா கேட்டா.

அப்பா யோசித்துவிட்டு, "பாதி எங்கட," என்றார். அதனால் நாங்கள் எப்போதும் வலப்பக்கம் ஒட்டியே போனோம். இடக்கரையின் மரங்களில் முற்றிய நாவல்நிறப் பழங்கள் தொங்கும். ஒருநாள், ஆறு ஒடுங்கி அந்தக் கிளைகள் எங்கள் பக்கம் சாய்ந்த இடத்தில், அக்கா கை நீட்டிப் பறிக்கப் போனபோது அம்மா பிறங்கையில் அடித்தா. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

கோடை விடுமுறையின் கடைசிக் கிழமை. மூன்று நாள் விடாமல் மழை பெய்து நாலாம் நாள் வெயில் எறித்தது. ஆறு கொஞ்சம் பருத்திருந்தது. வழக்கமாகக் கல்லுப் பாலத்தோடு திரும்பிவிடுவோம். அன்று தொப்பி அன்ரி, பாலத்துக்கும் கீழே பழைய மா ஆலையடியில், வலக்கரையில், வண்டியோடு காத்திருப்பதாகச் சொன்னா. திரும்பி எதிர்த்துத் தள்ளத் தேவையில்லை என்று அப்பாவுக்குச் சந்தோசம். இடையில் ஓர் அணைக்கட்டு இருக்கிறது என்பதை அவ சொல்லவில்லை. ஜேர்மன்காரருக்கு ஆறு என்றால் அணைக்கட்டும் இருக்கும், முதலே இறங்கி வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதெல்லாம் தாய்ப்பாலோடு வருகிற அறிவு. அதை ஒருவருக்குச் சொல்லவேண்டும் என்று அவவுக்குத் தோன்றியே இராது.

பாலத்தைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் கம்பு அடியைத் தொடவில்லை. அப்பா முழு நீளத்துக்கும் விட்டுப் பார்த்தார். பிறகு கம்பை வள்ளத்தில் கிடத்திவிட்டு, குந்தி இருந்து, துடுப்பை எடுத்தார். அவர் வள்ளத்தில் குந்தி இருந்து நான் கண்டது அதுதான் முதல்தடவை. அலை அடங்கிவிட்டது. சருகு ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் அசையாமல் இருப்பது போலவே கூட வந்தது.

"பாருங்கோ, முன்னாலை தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு," என்றார் அப்பா. "இனிப் பயமில்லை."

அவருடைய கடலில் சலனமில்லாத தண்ணீர் என்றால் ஆழமில்லாத தண்ணீர். இங்கே அது அணைக்கட்டுக்கு மேலே தேங்கி நிற்கிற தண்ணீர். முன்னால் அந்தக் கண்ணாடி ஒரு நேர்கோடாக முடிந்தது. கோட்டுக்கு அப்பால் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன.

"என்னப்பா அது சத்தம்?" என்று அம்மா கேட்டா.

"றோட்டிலை லொறி போகுது."

இடக்கரையில் ஒரு மஞ்சள் பலகை வந்தது. அக்கா வாசிக்கப் பார்த்தாள். கிளையொன்று பாதியை மறைத்தது. பலகைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கும் சிமெந்துப் படிகள். படிகளின் மேலே ஒரு ஆள் வந்து நின்றான். பச்சைக் காற்சட்டை, பச்சை மேற்சட்டை, பச்சைத் தொப்பி. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினான்.

"ஹால்ட்! ஹால்ட்!"

அந்தக் காலத்தில் பொலிசின் உடுப்புப் பச்சை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் கண்ணுக்குப் பச்சையெல்லாம் பொலிஸ். நில் என்ற அந்தச் சொல்லையும் நாங்கள் அதுவரை பொலிசின் வாயிலிருந்துதான் கேட்டிருந்தோம்.

நான் கத்தினேன். "பொலிஸ்! அப்பா, பொலிஸ்!"

வள்ளத்தின் மூக்கு ஒரு கணம் இடப்பக்கம் திரும்பியது. பிறகு வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பிற்று. வள்ளம் ஒருமுறை ஆடியது. அந்த ஆட்டம் என் உடம்பில் இன்னும் இருக்கிறது. அந்த ஆள் படியில் இறங்கித் தண்ணீருக்குள் வந்து மீண்டும் மீண்டும் கத்தினான். நாங்கள் நால்வரும், காணாமல் போய்விடலாம் என்பது போல, தலையைக் குனிந்துகொண்டு அவனைக் கடந்து போனோம்.

பிறகு கோடு எங்களிடம் வந்தது.

பெரிய அணைக்கட்டு என்று நினைக்காதீர்கள். பிறகு போய்ப் பார்த்திருக்கிறேன், ஒரு ஆள் உயரம்கூட இல்லை. ஆனால் நாங்கள் குறுக்காகப் போய் விழுந்தோம். வானம் கீழே வந்தது. மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் தேத்தண்ணி நிறம். கண்ணைத் திறந்தேன், திறந்தும் ஒன்றும் தெரியவில்லை. மிதவைச் சட்டை என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி மேலே எறிந்தது. அக்காவின் பின்னல் என் வாய்க்குள் இருந்தது. அம்மா கொஞ்சம் தள்ளி, வாயைத் திறந்தபடி, ஒரு சத்தமும் வராமல் மிதந்து போனா.

அப்பா மட்டும் தான் சொல்லித் தந்த பாடத்தைச் செய்தார். அவர் எழும்பி நின்றார்.

அணைக்கட்டுக்குக் கீழே முழுக்கக் கற்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் அவருடைய வலது கால் போய் மாட்டிக்கொண்டது. தண்ணீர் முதுகில் வந்து அறைந்து அவரை முன்பக்கம் மடிக்கப் பார்த்தது. அவர் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் நெஞ்சுக்கு நின்றது. பிறகு தோளுக்கு. அவர் எங்களைத்தான் பார்த்து எண்ணினார். உதடு அசைந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தண்ணீர் அவர் தாடைக்கு வந்தது. நான் வாழ்க்கையில் இதைவிடப் பயந்ததில்லை. இனியும் பயப்பட மீதி இல்லை.

பச்சை உடுப்புக்காரன் கரையோடு ஓடி வந்தான். கார் இழுக்கும் கயிறு அவன் கையில். ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறு நுனியைத் தன் இடுப்பில் சுற்றி, மார்பளவு தண்ணீருக்குள் இறங்கினான். அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று தன் முதுகால் தண்ணீரைத் தடுத்து, குனிந்து, தலை முழுவதும் தண்ணீருக்குள் தாழ, கல்லைப் புரட்டினான். இரண்டு தரம் மேலே வந்து மூச்செடுத்தான். மூன்றாம் தரம் அப்பா கழன்றார்.

அவன் பொலிஸ் இல்லை. மீன்பிடிக்க வந்தவன். அவனுடைய தூண்டில்கள் படியடியில் வரிசையாகக் கிடந்தன.

மிதந்து போன எங்கள் மூவரையும் தண்ணீரே கரையில் ஒதுக்கியிருந்தது; நாங்கள் நால்வரும் இடது கரையில் கிடந்தோம். அப்பாவின் கணுக்கால் பார்க்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நிறம் போன முகத்தோடு அவர் சொன்ன முதல் வார்த்தை நோகுது என்பதல்ல.

"பிள்ளை, இஞ்சை இருக்க ஏலாது எண்டு சொல்லு. அந்தப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்லு."

அக்கா பல்லடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். எங்களுக்கு இந்தக் கரையில் இருக்க அனுமதி இல்லை. தயவுசெய்து அம்புலன்ஸ் கூப்பிடவேண்டாம். அந்தக் கரையில் என்றால் கூப்பிடலாம்.

அந்த மனிதர் ஆற்றைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தொப்பி போய்விட்டிருந்தது, வழுக்கைத் தலையில் பாசி ஒட்டியிருந்தது.

"இந்தக் கரையில்?" என்று கேட்டார். "கரையிலா?"

அக்கா தலையாட்டினாள். அவர் அப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரின் பின் இருக்கையில் கிடத்தினார். மீன்மணமும் ஈர நாய்மணமும் வீசிய அந்தக் காரில் ஒருவர் மடியில் ஒருவராக, கல்லுப் பாலத்தைத் தாண்டி, எங்கள் மாவட்டத்துக்குள் வந்தோம். பாலத்தின் நடுவில் அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டா. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், வலக்கரையில் கல்லில் வழுக்கி விழுந்ததாக அப்பா சொன்னார்; ஆலையடியில் வீணாகக் காத்திருந்த தொப்பி அன்ரிக்கும் அதையே சொன்னோம்.

அதோடு பயம் முடியவில்லை. மீன்பிடிக்க வந்த அந்த மனிதர் காட்டிக்கொடுப்பார் என்று இருந்தோம். தபால்காரர் வருகிற நேரம் அம்மா சமையலை நிறுத்திவிடுவா. மூன்றாம் கிழமை அந்தக் கார் விடுதி வாசலில் வந்து நின்றது. கூரையில் எங்கள் சிவப்பு வள்ளம். அவர் கதவைத் தட்டினார். அம்மா விளக்கை அணைத்தா. பட்டப்பகலில் விளக்கை அணைத்தா. நாங்கள் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தோம். அப்பா மாவுக்கட்டுக் காலோடு சுவரோடு ஒட்டி நின்றார். வெகுநேரம் தட்டிவிட்டு, வள்ளத்தைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் எனது ஒற்றைச் சப்பாத்தும், கழுவித் துடைத்த மார்ஜரின் டப்பாவும் இருந்தன. கம்பு கிடைக்கவில்லை.

அவருக்கு நாங்கள் நன்றி சொல்லவே இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

மூன்று வருடம் கழித்து எங்களை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. எல்லோரும் கோயிலுக்குப் போவார்கள். அப்பா வள்ளத்தை எடுத்தார். நொண்டிக்கொண்டே அதை ஆற்றில் இறக்கி, அக்காவையும் என்னையும் ஏற்றி, நேரே இடது கரைக்கு விட்டார். இறங்கி நின்று ஒரு சிகரெட் பத்தினார். பிறகு, "போவம்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் தண்ணீர்தான். லான் ஆறு, மோசல் ஆறு, வடக்கே மெக்லன்பூர்க் ஏரிகள். நான்கு மிதவைச் சட்டைகள், நான்கையும் அப்பாவே இழுத்து இறுக்கிக் கட்டிப் பார்ப்பார். எல்லாப் பலகையையும் இரண்டு தரம் வாசிப்பிப்பார். அம்மாவும் வருவா. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி, வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்கிற கதையை எங்களுக்கும் சொல்லுவா.

"பொலிசுக்குப் பயந்து பெண்டில் பிள்ளையை அணைக்கட்டாலை தள்ளிவிட்ட மனிசன் இவர்."

அப்பா சிரிப்பார். "ஓம், நான்தான் பயந்திட்டன்," என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பொலிஸ் என்று கத்தியது நான் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு காலை நொண்டியாக்கியது என் வாய். முப்பத்தைந்து கோடையாக அதை விழுங்கிக்கொண்டே அவருக்கு முன்னால் இருந்து துடுப்புப் போட்டேன்.

அப்பா போய் இரண்டு வருடம்.

போன ஆவணியில் என் மகள் எங்கள் இருவரையும் மெக்லன்பூர்க்குக் கூட்டிப்போனாள். வாடகை வள்ளம். அவள் பின்னால் இருந்து ஓட்ட, அம்மா நடுவில், நான் முன்னால், அம்மாவைப் பார்த்தபடி. எழுபத்தெட்டு வயதிலும் கை விளிம்பில்தான். ஏரி சலனமில்லாமல் கிடந்தது. நாணல்களுக்கு அப்பாலிருந்து ஒரு மோட்டார்ப் படகு வந்தது. நீல நிறம், பக்கத்தில் பெரிய எழுத்தில் பொலிஸ். இப்போது நீலம்தானே. அதிலிருந்த பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

மகள் சிரித்துக்கொண்டு பதிலுக்குக் கையசைத்தாள். நானும் அம்மாவும் தலையைக் குனிந்தோம். இருவரும் ஒரேநேரத்தில். நிமிர்ந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். படகு போய், அதன் அலை வந்து எங்களை ஆட்டியது.

"அம்மா," என்றேன். "அண்டைக்குப் பொலிஸ் எண்டு கத்தினது நான். நான் கத்தினபடியாத்தான் அப்பா நிக்காமல் போனவர்."

மகள் துடுப்பை நிறுத்திவிட்டாள்.

"நீ கத்தினதைக் கேட்டுத்தான் அவர் திருப்பினவர்," என்றா அம்மா. "இடப்பக்கம். பொலிஸ் பிடிச்சாப் பிடிக்கட்டும், தண்ணியின்ரை சத்தம் சரியில்லை எண்டு என்ரை காதுக்குள்ளை சொன்னவர். படிக்கட்டுக்குத் திருப்பினவர், பிள்ளை. நான்தான் திரும்பித் துடுப்பைப் பிடிச்சு இழுத்தனான். இடது கரையிலை இறங்க ஏலாது எண்டு."

அந்த ஒரு கணம் எனக்குத் தெரியும். மூக்கு இடப்பக்கம் திரும்பியதும், வெடுக்கென்று திரும்பியதும். என் முதுகுக்குப் பின்னால் நடந்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

"பிறகேன் அம்மா எல்லாருக்கும் அவர்தான் எண்டு சொன்னீங்கள்?"

"ஆஸ்பத்திரியிலை அவர்தான் சொன்னவர். 'நான் பயந்தனான் எண்டு சொல்லும், நீர் பயந்தனீர் எண்டு பிள்ளையளுக்குத் தெரியவேண்டாம், பிறகு அதுகள் ஒண்டுக்கும் துணியாதுகள்' எண்டு." அம்மா விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தா. "சொல்லச் சொல்ல எனக்கே அப்பிடித்தான் நடந்தமாதிரிப் போச்சு. அவர் சாகும்வரைக்கும் ஒருக்காலும் மறுத்துச் சொல்லேல்லை."

நான் என் தப்பை நாற்பது வருடத்துக்கு மேல் ஒளித்தேன். அம்மா தன் தப்பை அவர் தோளில் ஏற்றி விருந்தாளிகளுக்குக் காட்டினா. அவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு நொண்டினார். அப்பா, அன்றைக்கு அந்த வள்ளத்தில் பயப்படாத ஒரே ஆள் நீங்கள்தான். உங்களிடம் இதை ஒருதரம் சொல்லியிருக்கலாம்.

வள்ளம் தன்பாட்டில் மிதந்தது. மகள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மம்மா, எங்கை இறங்குவம்? எந்தப் பக்கமும் இறங்கலாம்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பிறகு விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டினா.

"இடப்பக்கம் விடு, பிள்ளை." பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினா. "ஆரும் நிக்கினமோ எண்டு முதல் பார்."

பார்த்தேன். கரையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன் இன்னொரு தரம் பார்த்தேன்.